ஓரம் அடித்த வெள்ளை அங்கி

ஆலர் துறைக்கு அக்கரையில் பாளையம் இறங்கியிருக்கும் என் அருமை அண்ணன் ஐவிந்துக்கு, இக்கரைக் கோட்டையிலிருந்து தம்பி ஓர்ம் வணக்கம் சொல்லி எழுதுவிக்கும் கடிதம்.

இங்கே நானும் எட்பர்காவும் சுகம். அங்கே நீயும் அண்ணியும் உன் படகுக்காரர்களும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று நான் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த லியோஃபா பாதிரியார் இறகை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இதையும் எழுதணுமாப்பா?" என்று கேட்டார். எழுதுங்கள், கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும் என்றேன்.

இதை உனக்கு வாசித்துச் சொல்பவர், போன வருடம் நீ மடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போன துறவியாகத்தான் இருப்பார். உன் கூட்டத்தில் வேறு யாருக்கு எழுத்துத் தெரியும்? ஐயா துறவியாரே, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாக வாசியுங்கள். அண்ணா, அவர் வாசித்து முடித்ததும் ஒரு கிண்ணம் சூடான கஞ்சி கொடு. கோபத்தில் அவர் மேல் கையை வைத்துவிடாதே. இதில் இருப்பதெல்லாம் நான் சொன்னது.

இந்த வருடம் ஆற்றில் விலாங்கு மீன் கூடை கூடையாக விழுகிறது. எங்கள் சிவப்புப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. என் தோளில் பட்ட பழைய ஈட்டிக்காயம் மழை வருவதற்கு முந்தின நாளே குடையத் தொடங்கிவிடுகிறது. புல் அறுக்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு ஊர்க்காரர்கள் வாசலுக்கு வருகிறார்கள். டேனியனான நான் இந்தச் சாக்சன்களுக்குச் செய்யும் உபகாரங்களில் அவர்கள் உண்மையிலேயே மதிப்பது இது ஒன்றைத்தான்.

நல்ல செய்தி அவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெந்தெகொஸ்தே திருநாளன்று நீ உன் ஆட்கள் பன்னிரண்டு பேரோடு இந்தக் கரைக்கு வருவதாகப் பேச்சு. ஆயுதங்களை அக்கரையிலேயே வைத்துவிட்டு வந்து, எங்கள் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, அதன் வழக்கப்படி எட்டு நாள் வெள்ளை அங்கியோடு கத்தி தொடாமல் இருந்து, ஒன்பதாம் நாள் என் பிரபு ஓஸ்ரிக்கின் கையால் ஆலர் தோப்புக்கு அப்பால் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அவரே உனக்கு ஞானத்தந்தையாக நிற்பார். நீ திரும்பும் வரை எங்கள் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் உன் பாளையத்தில் பணயமாக இருப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் நடுவே நின்று வாக்குக் கொடுத்தவன் நான். நீ உப்பு வியாபாரியிடம் சொல்லி அனுப்பிய பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "உன் வார்த்தைய நம்பித்தான்டா வரேன். இந்தத் தடவ நெசமாவே வரேன். முட்டி வலிக்குது, படகு ஏற முடியல. ஏர் புடிச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்."

அண்ணா, வராதே.

உனக்கும் உன் ஆட்களுக்கும் அங்கி தைக்கும் பொறுப்பு எட்பர்காவிடம் வந்தது. பதின்மூன்று அங்கி. இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டு நெய்து, வெளுத்து, வெட்டிவிட்டாள். ஓரம் அடிக்கும் வேலைதான் பாக்கி. அதற்கு நூல் கேட்கப் பிரபுவின் மாளிகைக்குப் போயிருக்கிறாள். காரியக்காரர் வில்மண்ட் இருக்கிறாரே, வாயை மூடத் தெரியாத மனிதர், நன்றாகக் குடித்திருந்தார். "ஓரமெல்லாம் எதுக்கும்மா அடிச்சிக்கிட்டு? எட்டு நாளா உடுத்தப் போறானுங்க?" என்று சொல்லிச் சிரித்தாராம். சொன்ன பிறகு பயந்துபோய், "நான் ஒண்ணும் சொல்லல, நீயும் ஒண்ணும் கேக்கல" என்று அவள் கையில் ஒரு கண்டு நூலைத் திணித்து அனுப்பிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து துணியை மடியில் போட்டுக்கொண்டு அதன் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகுதான் சொன்னாள். அண்ணா, அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். உன்மேல் அவளுக்கு என்ன பாசம் இருக்க முடியும்? இரண்டு வருடத்துக்கு முன் நீ சமாதானச் சத்தியம் செய்துவிட்டு அறுத்த புல் காயும் முன்பே வந்து எரித்த மாவு மில்லில் காவல் நின்றவன் அவளுடைய கூடப்பிறந்தவன். அவன் எலும்பைக்கூட முழுசாகப் பொறுக்க முடியவில்லை. அப்படியிருந்தும் சொன்னாள். "எனக்கு உங்க அண்ணன் முகத்தப் பாக்கவே புடிக்காதுங்க. ஆனா சாமி தண்ணியில நனைச்சு, என் கையால தெச்ச துணிய உடுத்தி, அப்புறம் வெட்டுவாங்களா? அதுக்கு நான் துணி தெக்கணுமா?" என்று கேட்டாள்.

அந்த மில் எரிந்ததைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். அன்று நீ நம் வழக்கப்படி கைவளையம் தொட்டும் இவர்கள் வழக்கப்படி சிலுவை தொட்டும் சத்தியம் செய்தபோது உன் கையோடு நானும் கை வைத்தேன். நீ எரித்தபோது என் கையும் சேர்ந்துதான் எரிந்தது. அதன்பிறகு விருந்துக் கூடத்தில் நான் போய் உட்கார்ந்தால் எனக்கு இரண்டு பக்கமும் பலகை காலியாக இருக்கும். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சும்மா தள்ளி உட்கார்ந்தார்கள். அப்போது எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஓஸ்ரிக் பிரபு. "அவன் செஞ்சதுக்கு நீ என்னடா பண்ணுவ? சாப்பிடு" என்று தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். போர்க்களத்தில் குத்துப்பட்டுக் கிடந்த என்னைக் கொல்லாமல் தூக்கி வந்தவர், ஞானஸ்நானம் கொடுத்து மகனே என்றவர், பெண் பார்த்துக் கட்டிவைத்தவர். அவரைப் பற்றித்தான் நான் இப்போது உனக்கு இப்படி எழுதுவிக்கிறேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதுதான் இது.

அவரைச் சேர்ந்தபோது இரண்டு கையையும் அவர் கைக்குள் வைத்து நான் சொன்ன சத்தியம் உனக்குத் தெரியும். நம் ஆட்கள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் நேசிப்பதை நேசிப்பேன், அவர் வெறுப்பதை வெறுப்பேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணப் பெண் சொல்வது மாதிரி இருக்கிறதே என்று நீகூடக் கிண்டல் செய்தாய். நான் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவர் நேசித்ததை நேசிப்பது எனக்குச் சுலபமாகவே இருந்தது. அவருடைய நாய்களைக்கூட நேசித்தேன். இப்போது அவர் உன்னை வெறுக்கிறார். நியாயமாகத்தான் வெறுக்கிறார்.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். பிரபுவே, சத்தியம் செய்தவனை வெள்ளை அங்கியில் வெட்டினால், மில்லை எரித்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாடா, உன்னத்தான் நெனச்சேன். பணயமா உன் அண்ணன்கிட்ட நீயே போயிடு. உன்ன அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், கூடப்பொறந்த ரத்தமாச்சே" என்றார். கூட யார் யார் என்று கேட்டேன். ஹுன்வின் கிழவரும், குதிரையிலிருந்து விழுந்த பிறகு சரியாக நடக்க வராத வாசல் காவல்காரனும் என்றார்.

அண்ணா, அந்த மூன்று பெயரையும் வரிசையாகக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. போரில் கேடய வரிசைக்கு உதவாத ஒரு கிழவர், ஒரு நொண்டி, அப்புறம் நான். போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய மூன்று பேர். உன்னை வெட்டிய செய்தி கேட்டதும் உன் ஆட்கள் எங்களை என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? ஒருவேளை, நான் உன் தம்பி என்பதால் பிழைத்துவிடுவேன் என்று நிஜமாகவே நம்புகிறாரோ என்னவோ. அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். அவர் தட்டிலிருந்து ஒரு நல்ல இறைச்சித் துண்டை எடுத்துக் கொடுத்தார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அதைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

லியோஃபா பாதிரியாருக்கு அதுவரை இதொன்றும் தெரியாது. நான் போய்ச் சொன்னதும் ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கிட்டத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு இவங்க வெளிய கத்தி தீட்டுவாங்களா? நீ சொல்லு, நான் எழுதறேன். எனக்கும் சேத்து எழுதிக்கறேன்" என்றார். அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால், துறவியாரே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் உன்னிடம் கேட்கப்போவது பெரிய காரியம். நீ எனக்கு அண்ணனாகப் பிறந்ததைத் தவிர அதைக் கேட்க எனக்கு வேறு உரிமை கிடையாது.

வராமல் இரு. ஏன் வரவில்லை என்று யாரிடமும் சொல்லாதே. உன் ஆட்களிடம்கூட வேண்டாம். மனசு மாறிவிட்டது, சாக்சன் கொடுக்கும் ஈரச் சேற்று நிலம் யாருக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பாளையத்தைக் கலைத்துக்கொண்டு வடக்கே போய்விடு. இங்கே எல்லோரும், டேனியன் வார்த்தை தண்ணீரில் எழுதின எழுத்து, எங்களுக்குத் தெரியாதா என்பார்கள். ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். யார் உனக்குச் சொன்னார்கள் என்று யோசிக்கவும் மாட்டார்கள். எட்பர்கா பிழைப்பாள், பாதிரியார் பிழைப்பார், ஹுன்வின் கிழவர் தன் கட்டிலில் சாவார். என் பிரபுவும் செய்ய நினைத்ததைச் செய்யாதவராகவே இருந்துவிடுவார். அவரை அந்தப் பாவத்திலிருந்து காப்பாற்ற எனக்கு இந்த ஒரு வழிதான் தெரிந்தது. அவர் சோற்றுக்கு நான் செய்யும் கைம்மாறு இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லோருடைய அழுக்கையும் உன் தலையில் கொட்டச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. நீ ஏற்கெனவே இரண்டு ஆற்றங்கரையில் ஞானஸ்நானம் வாங்கியவன். ஒரு அங்கியைக் கொடுத்துப் பன்றிக்குட்டி வாங்கியவன். அப்போதெல்லாம் நீ பொய்யன்தான், நானே சொல்வேன். இந்தத் தடவைதான் நிஜமாக வருவதாகச் சொன்னாய். நிஜமாக வருகிற தடவைதான் வராதே என்கிறேன். இந்த ஒரு முறை எனக்காகப் பொய்யனாக இரு, அண்ணா.

கோபத்தில் நெருப்போடு வந்துவிடாதே. வாசலருகே முதல் வீடு என்னுடையது. நீ வந்தால் நான் கேடயத்தோடு வரிசையில்தான் நிற்பேன். உனக்கு எதிரே. அதை மட்டும் என்னைச் செய்ய வைக்காதே.

நீ வராத அன்று கூடத்தில் எல்லோரும் எழுந்து உன் பெயரைச் சபிப்பார்கள். என்னையும் பார்ப்பார்கள். நானும் எழுந்து சபிப்பேன். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சபிப்பேன், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். நம் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மகனே இல்லை என்பேன். அதை இப்போதே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். யாராவது வந்து உன் காதில் போட்டால், அந்த நேரத்தில் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள். ஆனால் கடிதத்தை வைத்திருக்காதே, வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இந்தக் கடிதத்தோடு வரும் உப்பு வியாபாரியின் மூட்டைக்கு நடுவே ஒரு துணிப்பொட்டலம் இருக்கும். பதின்மூன்றில் பெரியது அது. நம் வீட்டில் தோள் அகலமானவன் நீதானே. வெட்டும்போது துணி பாழாகிவிட்டது என்று எட்பர்கா காரியக்காரரிடம் சொல்லிவிட்டாள். எதற்கு இதை அண்ணனுக்கு அனுப்புகிறாய் என்று கேட்டேன். "தெச்சது தெச்சாச்சு" என்றாள். மற்றப் பன்னிரண்டும் அப்படியே கிடக்கின்றன. இதற்கு மட்டும் கழுத்து, கை, கீழ்ப்பக்கம் எல்லாம் ஓரம் அடித்து, இரண்டாம் முறையும் மேலே ஒரு தையல் ஓட்டியிருக்கிறாள். எட்டு நாள் என்ன, எண்பது நாள் உடுத்தினாலும் பிரியாது.

இதை உனக்கு வாசித்துக்கொண்டிருப்பவரும் குருப்பட்டம் பெற்றவர்தான். உன் பாளையத்திலும் தண்ணீர் ஓடுகிறது. நீ சொன்னது நிஜமானால் அவரிடம் ஞானஸ்நானம் கேள். யாரும் பார்க்க வேண்டாம், நிலமும் கிடைக்காது, ஞானத்தந்தையும் வரமாட்டார். அதன்பிறகு அவரை அவருடைய மடத்துக்குப் போக விட்டுவிடு. அங்கியை உடுத்திக்கொண்டு எட்டு நாள் கத்தியைத் தொடாமல் இரு. இங்கே உன்னைப் பொய்யன் என்று கத்திக்கொண்டிருக்கும் அந்த எட்டு நாளும், நீ அங்கே வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கும் எட்பர்காவுக்கும் மட்டுமாவது தெரிந்திருக்கட்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். உன் முட்டிக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்.

உனக்கு எதிரே என்னை நிறுத்தாமல் கடவுள் உன்னைத் தூரமாகவும் சுகமாகவும் வைக்கட்டும்.

இரண்டு கரைக்கும் முகம் காட்ட முடியாத உன் தம்பி,
ஓர்ம்