கெர்னலுக்கு ஒரு பதில்

இன்று காலை மன்னார்குடி ஸ்கேன் சென்டரில் இருந்தேன். மழையில் இன்டர்நெட் லைன் போயிருந்தது. வரவேற்பறைப் பெண் ஒரு நோயாளியின் படத்தைத் திறக்கப் பார்த்தாள். சில நொடிகளில் திரையில் வந்தது: 'இப்போது கிடைக்காது.' அவளுக்கு அது சாதாரண வரி. எனக்கு அது நீ எழுதிய நிரலின் குரல். நீ போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருடம் ஆகிறது.

அதை நீ எழுதிய காலத்தில் நாம் இருவரும் தஞ்சாவூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தோம். ஸ்கேன் படங்கள் எல்லாம் தஞ்சாவூர் சர்வரில். மன்னார்குடிக் கம்ப்யூட்டரில் அவை சாதாரண ஃபோல்டராகத் தெரிய வேண்டும். அந்த நிரலை நீதான் எழுதினாய். எனக்கு விளக்கியதும் நினைவிருக்கிறது.

"யாராவது ஃபைலைத் திறந்தா கேள்வி முதல்ல கம்ப்யூட்டர உள்ளேயிருந்து நடத்துற கெர்னலுக்குப் போகும். இந்த ஃபோல்டர் டிஸ்க்ல இல்லன்னு அதுக்குத் தெரியும். கேள்விக்கு ஒரு நம்பர் போட்டு நம்ம புரோகிராம்கிட்ட தள்ளிவிடும். நாம படத்தை எடுத்து, அதே நம்பருக்குப் பதில் எழுதணும்."

"எழுதலைன்னா?"

"காத்துக்கிட்டே இருக்கும். கேட்டவங்களும் அப்படியே நிக்க வேண்டியதுதான்."

அந்த மழைக்காலத்தில் அதுதான் நடந்தது. லைன் போனது. நிரல் தஞ்சாவூருக்காக நின்றது, கெர்னல் நிரலுக்காக நின்றது, திரை உறைந்துவிட்டது. நாம் பஸ் பிடித்து வந்தபோது பெஞ்சு நிறைய ஆட்கள். கோடியக்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே உன்னிடம் கேட்டார்: "படம் வருமா வராதா, அத மட்டும் சொல்லும்மா. வராதுன்னா பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போயிடுவேன்."

"இன்னிக்கு வராதுங்கம்மா. போயிட்டு வாங்க" என்றாய். பிறகு உட்கார்ந்து நிரலைத் திருத்தினாய். கொஞ்ச நேரம் பார்க்கும்; கிடைக்காவிட்டால் இல்லை என்றே கெர்னலுக்கு எழுதிவிடும். "இல்லைங்கறதும் பதில்தானே" என்றாய்.

திரும்பும் பஸ்ஸில், வடுவூர் தாண்டியதும், பல மாதமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. நீ அவகாசம் கேட்கவில்லை.

"இல்லங்க. எனக்கு அப்படித் தோணல. உங்களக் காக்க வைக்க மனசு வரல, அதான் இப்பவே சொல்றேன்."

வலித்தது. ஆனாலும் தஞ்சாவூரில் இறங்கும்போது நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அதற்குப் பிறகுதான் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

கல்யாணமாகி நாகப்பட்டினம் போனாய். நோய் வந்தது. கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். "பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அவர்கிட்ட சொல்லல. தாங்க மாட்டாரு."

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது, கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் என்னை நிறுத்தினார். "அவ பயந்தாளாங்க? என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா."

சமாதானமாக ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். முடியவில்லை. "பயந்தாங்க. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றேன். மதில்மேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். எழுந்தபோது, "தெரிஞ்சுக்கிட்டேன்ல, அது போதும்" என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எனக்குப் போன் செய்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய உன்னைப் பற்றி ஏதாவது கேட்கிறார். பஸ்ஸில் நான் கேட்டதை நீயே அவரிடம் சொல்லியிருந்தாயாம். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். அவர் பேசி முடிக்கும்போது, போனை வாங்கி நீ பேசுவாய் என்று என் காது இன்னும் ஒரு கணம் காத்திருக்கிறது.