இல்லற, இன்ப நோக்கங்களுக்கு மட்டும்

1964 அக்டோபர் 6, செவ்வாய்

கா. ஹிதாயத்துல்லா ஆகிய நான், வயது ஐம்பது, பி.ஏ. தேர்ந்தவன், திருப்பூர் காதர்பேட்டையில் திரு. ஆத்தப்பனுடன் கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்திவருபவன், இந்த நோட்டில் எழுதப்போவது ஒரே பொருளைப் பற்றியது: என் லேண்ட்மாஸ்டர் காரின் இன்சூரன்ஸ். இம்மாதக் கடைசியில் பாலிசி முடிகிறது. புதுப்பிக்கும்படி வந்த தாளில் பிரீமியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. காரணம் கூறப்படவில்லை. ஏழாண்டுகளில் ஒரு முறைகூட இழப்பீடு கேட்டிராத ஒருவனிடம் காரணம் கூறாமல் கூடுதல் கேட்பது முறையாகாது. ஆகவே மற்றக் கம்பெனிகளையும் விசாரித்து, நிபந்தனைகளை ஒப்பிட்டு, எது நியாயமோ அதில் சேர்வதென்று தீர்மானித்துள்ளேன்.

ஆத்தப்பனின் யோசனை வேறு. காரை விற்றுவிட்டுப் பழைய வேன் ஒன்று வாங்கலாம் என்கிறார். தாராபுரத்தில் வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டார். "கார் இருந்தா சொகுசுன்னு ஊருக்குள்ள பேருங்க பாய். நமக்குப் பேரு மட்டுந்தான் மிச்சம்" என்றார். மாதம் முடிவதற்குள் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

வீட்டில் மனைவி சபுராவிடம் சொன்னேன். அவள் தந்தை வழியில் அவளுக்கு வந்த தென்னந்தோப்பை விற்றுத்தான் இந்தக் காரை வாங்கினோம்.

அக்டோபர் 9, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஏஜெண்ட் செங்கோட்டையன் வந்தார். பம்பாய்க் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட். சைக்கிள் கடையும் வைத்திருக்கிறார். அவர் கூறிய தொகை, பழைய கம்பெனி கேட்கும் அதே தொகை. பைசா பிசகவில்லை. குறைக்க முடியாதா என்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்தி, தம் கமிஷனில் பாதியை என்னிடமே தந்துவிடுவதாகச் சொன்னார். இன்சூரன்ஸ் சட்டப்படி அது குற்றம், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும், என்று தெரிவித்தேன்.

"சட்டம் டில்லியில இருக்குதுங்க. நாம காதர்பேட்டையில இருக்கறமுங்க" என்றார், பணிவு சிறிதும் குறையாமல்.

தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 13, செவ்வாய்

கல்கத்தாக் கம்பெனியின் ஈரோட்டு ஏஜெண்டும் பதில் எழுதிவிட்டார். சென்னைக் கம்பெனியும் எழுதிவிட்டது. அதே தொகை. ஒருவரை ஒருவர் கண்டிராத இவர்கள் அனைவரும் ஒரே எண்ணை எழுதுகிறார்கள். சென்னைக் கடிதத்தில் விளக்கம் இருந்தது: எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விகிதப் பட்டியல் ஒன்று உண்டாம், அதை மீறி ஒருவரும் கூட்டவோ குறைக்கவோ இயலாதாம், இவ்வாண்டு அப்பட்டியல் திருத்தப்பட்டிருக்கிறதாம்.

இதை வாசித்த பின் வெகு நேரம் வேறு வேலை ஓடவில்லை. எங்கோ ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து, இந்நாட்டில் ஓடும் கார்கள், குறுக்கே வரும் மாடுகள், பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள், தேய்ந்த டயர்கள், தூக்கக் கலக்கங்கள் அனைத்தையும் கணக்கில் எடுத்து இந்த எண்ணை அடைந்திருக்கிறார்கள். நாளை எந்தக் கார் எந்தப் புளியமரத்தில் மோதும் என்பதை இறைவன் ஒருவனே அறிவான். ஆனால் எத்தனை கார்கள் மோதும் என்பதை மனிதன் ஏறக்குறைய அறிந்துவைத்திருக்கிறான். நான் இதுவரை ஒரு தொகையைத்தான் பார்த்தேன்; அதன் பின்னால் இவ்வளவு பெரிய பார்வை இருப்பதைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, புதன்

அப்படியானால் மேற்கொண்டு விசாரிப்பதில் பயன் என்ன? — இருப்பினும் கோவைக்கு ஒரு முறை போய்வருவேன். நேரில் கேளாமல் முடிப்பது முறையன்று.

அக்டோபர் 19, திங்கள்

கோவை. நான் சென்ற கம்பெனியின் கிளை அதிகாரி மணியன் என்பவர். இளையவர், மரியாதை அறிந்தவர். தொகையைக் கேட்கும் முன்பே சிரித்தார். "எங்க போனாலும் அதேதானுங்க. ஆனா வண்டியைப் பாக்காம நாங்க எழுதறதில்லீங்க" என்று சொல்லிக் கீழே இறங்கி வந்தார். விளக்கு, பிரேக், டயர் எல்லாவற்றையும் சோதித்தார். பராமரிப்பைப் பாராட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு பின்கதவைத் திறந்தார்.

பின்சீட் இல்லை. வாங்கிய அடுத்த மாதமே அதைக் கழற்றிவிட்டோம். அந்த இடத்தில் ஒரு பலகை. பலகை முழுவதும் பஞ்சுத் தூசி. திருப்பூரில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கார் வைத்திருக்கும் பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ரயில்வே பார்சல் ஆபீசுக்கு மூட்டை ஏற்றுகிறோம்.

"என்னங்க ஏத்தறீங்க?"

"பனியன் மூட்டை."

"தெனமுங்களா?"

"ஞாயிறு நீங்கலாக."

அவர் என் பழைய பாலிசியை வாங்கி ஒரு வரியில் விரலை வைத்தார். ஆங்கிலத்தில் உள்ள அவ்வரியை இங்கே தமிழில் எழுதுகிறேன்: சமூக, இல்லற, இன்ப நோக்கங்களுக்கு மட்டும். இவற்றுக்கன்றி இக்கார் வேறு எதற்கும் பயன்படாது என்று ஆண்டுதோறும் கையெழுத்திட்டு வந்திருப்பவன் நான்.

"விபத்துன்னு ஒண்ணு நடந்திருந்தா தம்பிடி கெடைச்சிருக்காதுங்க" என்றார். "வருத்தப்படாதீங்க. திருப்பூர்க்காரங்க பூராப் பேரும் இப்படித்தான்."

சரக்கு ஏற்றும் வண்டி என்று எழுதினால் பிரீமியம் இரு மடங்குக்கு மேல் போகும். அதையும் சொல்லிவிட்டு, பழையபடியே சொந்த உபயோகத்துக்கான கார் என்று எழுதிக்கொள்ளலாமா எனக் கேட்டார். யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன்.

அக்டோபர் 20, செவ்வாய்

ஏழு வருஷம். என் கையெழுத்து. நானே போட்டது. யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. முனிசிபல் வரியை ஒரு நாள் தாமதமாகக் கட்டியதில்லை நான். விளக்கில்லாமல் சைக்கிளில் போனவனை நிறுத்திக் கண்டித்திருக்கிறேன். என்ன முகத்தோடு கண்டித்தேன்?

நொய்யல் பாலத்தில் எத்தனை முறை மாடு குறுக்கே வந்திருக்கும். தாராபுரம் சாலையில் எத்தனை மழை. ஒரு பிள்ளையின் மீதாவது பட்டிருந்தால் — எழுதவே கை வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. காகிதத்தில் இல்லாத காப்பு இத்தனை காலம் எங்கிருந்து வந்தது? அல்ஹம்துலில்லாஹ். இதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பிற்பகலில் பாலிசியை முதல் வரியிலிருந்து முழுவதும் படித்தேன். 'கூடாது', 'பொறுப்பல்ல', 'செல்லாது' என்று பக்கம் பக்கமாக. அவற்றின் நடுவே 'இன்பம்'. மனிதன் கார் வாங்குவது அதற்காகவே என்று அந்த வாசகத்தை வகுத்தவர்கள் ஐயமின்றி நம்பியிருக்கிறார்கள். ஈரமே இல்லாத அந்தத் தாளில் அச்சொல்லைக் கண்டது, பாறையில் செடி முளைத்திருப்பதைக் கண்டதுபோல் இருந்தது.

அக்டோபர் 21, புதன்

உண்மை நிலையை உறுதி செய்துகொள்ளும் பொருட்டுச் சபுராவிடம் கேட்டேன். அவள் ஊறுகாய்க்கு நார்த்தங்காய் அரிந்துகொண்டிருந்தாள். வாங்கிய நாளிலிருந்து இந்தக் காரை நாம் இன்ப நோக்கத்திற்குப் பயன்படுத்தியதுண்டா என்பதே கேள்வி.

"என்ன நோக்கமுங்க?"

"இன்ப நோக்கம்."

அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"முன்சீட்டுல நான் உக்காந்தது ஒரு தடவைங்க. தாராபுரத்துல எங்க அக்கா அஜீஸுன்னிசா மௌத்தானப்ப. அன்னிக்கும் பின்னால ரெண்டு மூட்டை இருந்துச்சு. போற வழிதானேன்னு ஏத்துனீங்க." நார்த்தங்காயை மீண்டும் கையில் எடுத்தாள். "அமராவதி அணையைப் பாக்கணும்னு கேட்டேன். தீபாவளிச் சரக்கு போகட்டும்னு சொன்னீங்க. எந்தத் தீபாவளின்னு சொல்லலைங்க. வித்துருங்க. தோப்பும் போச்சு, வண்டியும் போகட்டும்."

அக்டோபர் 22, வியாழன்

அஜீஸுன்னிசா இறந்த நாளின் டெலிவரி சலானைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு மூட்டைகள். அவள் சொன்னது சரி.

அக்டோபர் 26, திங்கள்

முடிவெடுத்துவிட்டேன். வழிகள் மூன்று. சரக்கு வண்டி என்று உண்மையை எழுதி இரு மடங்கு கட்டலாம். அல்லது விற்கலாம். அல்லது எழுதியிருக்கும் வாசகத்திற்கேற்ப நடந்துகொள்ளலாம். மூன்றாவதைத்தான் இத்தனை நாளும் ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

ஆத்தப்பனிடம், இனி அந்தக் காரில் மூட்டை ஏறாது, கார் விற்பனைக்கும் இல்லை என்றேன். தீபாவளிக்கான கடைசிச் சரக்கு கட்டிக் கிடக்கிறது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"காரு என்ன கலியாணப் பொண்ணுங்களா பாய், மேல தூசி படாம வெச்சுப் பாக்கறதுக்கு?"

மாட்டுவண்டியில் போகட்டும் என்றேன்.

"மெயிலு நம்ம மாட்டுக்காக நின்னுட்டு இருக்குமுங்களா?"

தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். பன்னிரண்டு ஆண்டுக் கூட்டில் இது முதல் தடவை.

பின்சீட் கிடங்கில், நூல் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. மெத்தை தைப்பவரிடம் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 28, புதன்

வாடகை மாட்டுவண்டி ரயிலைத் தவறவிட்டது. விஜயவாடா மூட்டைகள் பார்சல் ஆபீஸ் வாசலில் கிடந்தன. ஆத்தப்பன் என்னுடன் பேசவில்லை. சட்டப்படி நடக்கிறேனா, வீம்புக்கு நடக்கிறேனா?

அக்டோபர் 29, வியாழன்

காலையில் கம்பெனி வாசலில் ஆத்தப்பனின் தோட்டத்து வண்டி நின்றது. அவிநாசிபாளையத்திலிருந்து வெள்ளென ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார். காங்கேயம் காளைகள், இரண்டும் திமில் நிமிர்ந்து நின்றன. "இதுக மெயிலுக்கு முன்னால போய்ச் சேந்துருமுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"எங்கூட்டுக்காரி பெரியாத்தா கேட்டாளுங்க, பாய் எதுக்குக் காரைக் கழுவறாருன்னு. சம்சாரத்தை வெளிய கூட்டிட்டுப் போறதுக்குன்னு சங்கதியைச் சொன்னேன். அதுக்கு அவ, 'நல்ல வேளை, நம்மகிட்டக் காரு இல்ல, நீங்க தப்பிச்சீங்க'ன்னு போயிட்டாளுங்க."

இருவரும் சேர்ந்து தேநீர் குடித்தோம். மூட்டைகள் ரயிலேறிவிட்டன.

அக்டோபர் 31, சனி

பழைய கம்பெனியிலேயே, அவர்கள் கேட்ட தொகையையே முழுவதும் கட்டிப் புதுப்பித்தேன். சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான். ஏழாண்டுகள் மூட்டை ஏற்றியதையும் இனி ஏற்றப்போவதில்லை என்பதையும் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா இரண்டு முறை படித்தார். இதை எந்தக் கோப்பில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வழியில் செங்கோட்டையன் சைக்கிளை நிறுத்தி, இத்தனை அலைந்தும் பழைய இடத்துக்கேவா என்று கேட்டார். ஆம் என்றேன்.

அந்த வரி இப்போது பாதி உண்மை. மூட்டை இல்லை. மற்றது பாக்கி.

நவம்பர் 8, ஞாயிறு

அமராவதி அணை. எழுதத் தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

முன்சீட்டில் சபுரா. தாராபுரம் சாலையில், வேகமாகப் போகலாமே என்று ஒரு முறை சொன்னாள். முப்பது மைல்தான் என் வரம்பு என்றேன். "சைக்கிள்காரர் முந்திட்டுப் போறாருங்க" என்றாள். தாராபுரத்தில் அக்கா வீட்டுத் தெருமுனை வந்ததும் துஆ ஓதத் தொடங்கினாள். ஆற்றுப் பாலம் தாண்டிய பின்தான் முடித்தாள்.

மதகுகள் திறந்திருந்தன. நீர் விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். அது விழவில்லை, வெள்ளையாக நின்றது. நிற்பதுபோல் இருந்துகொண்டே இடி இடிப்பதுபோல் முழங்கியது. காலடியில் கல் நடுங்கியது. பின்னால் மலைகள், ஒன்றின் தோளுக்கு மேல் ஒன்றாக, மேகத்திற்குள் போய்விட்டன. திறந்துவிடப்படும் நீரின் அளவு ஒரு பலகையில் எழுதியிருந்தது. என் வாழ்நாளில் முதன்முறையாக, கண்முன் இருந்த ஓர் எண்ணை நான் படிக்கவில்லை.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் சபுரா. சாரல் அவள் துப்பட்டியை நனைத்துவிட்டது. அவள் ஒதுங்கவில்லை. வாயைச் சற்றே திறந்தபடி, யாரோ தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததுபோல் நின்றாள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றெல்லாம் சொல்லத் தயாராக வந்திருந்தேன். சொல்லவில்லை. நான் தண்ணீரைப் பார்த்தது கொஞ்சம். அவளைப் பார்த்தது அதிகம். இது என் வீட்டிலேயே இருந்ததா?

திரும்பும்போது உடுமலைக்கு இப்பால் சாலை நேராக, ஆளில்லாமல் கிடந்தது. அவள் வெளியே பார்க்கவில்லை. என் கைகளையும் கால்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான் ஓட்டட்டுங்களா?"

வேடிக்கை என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. காரை ஓரமாக நிறுத்தினேன்.

"காத்தாலயிருந்து பாத்துட்டுத்தான் வர்றேன். கீழே மூணு மிதி, மேல ஒரு வட்டு. தையல் மெஷின்ல எனக்கு இதைவிட வேலைங்க."

லைசென்ஸ் இல்லாதவர் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம், பாலிசியும் செல்லாது என்று கூறினேன்.

"சரி. அப்ப என்ன தாள் வேணுமோ அந்தத் தாளை வாங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

நவம்பர் 9, திங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். கார் ஓட்டக்கூடாதவர் யார் யார் என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள்: வயது நிரம்பாதவர், கண் பார்வை குன்றியவர், வலிப்பு நோய் உள்ளவர். இரண்டு முறை பார்த்துவிட்டேன். சபுரா எங்கும் இல்லை.

நாளை கோவைக்குச் செல்வேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவள் பெயருக்குப் பழகுவோருக்கான லைசென்ஸ் விண்ணப்பம் வாங்குவேன். அங்கிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய், இக்காரை ஓட்டுபவர்களில் சபுரா பீவியும் ஒருவர் என்று எழுதிக் கொடுப்பேன். அதன் காரணமாகப் பிரீமியத்தை அவர்கள் மேலும் உயர்த்துவார்களாயின், வேறு எந்தக் கம்பெனியையும் விசாரிக்கமாட்டேன்.