பக்கம் திரையில் அடங்கவில்லை

ஆழி-3 கடலடி ஆய்வு நிலையம், மன்னார் வளைகுடா. ஆழம் 48 மீட்டர்.
பதிவு: ஜெரால்டின் மச்சாது, பவள ஆய்வாளர். நிலையத்தில் ஒரே ஆள்.

நாள் 9, காலை 06:30

காற்றழுத்தம் சரி. கரியமில வாயு பச்சைக் கோட்டுக்குள். உள் வெப்பம் 27. ஆறாம் எண் பவளத் தட்டில் வெளுப்பு நேற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் பரவியிருக்கிறது. உப்புமா பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றினால் பசையாகிறது; தின்றேன். மேலே கப்பலில் காற்று கூடுகிறதாம். இங்கே ஒன்றும் தெரியவில்லை.

நாள் 9, காலை 08:10

கீழ் அறையின் குழாய் இணைப்பு விட்டுவிட்டது. தண்ணீர் இடுப்பளவு வந்ததும் நடுக்கதவை அடைத்துவிட்டு மேல் அறைக்கு ஏறினேன். மின்பலகை புகைந்தது. பெரிய திரை செத்தது. காற்றுச் சுத்திகரிப்பானும் நின்றது. கணினி மின்கலத்தில் ஓடுகிறது.

நீந்தி மேலே போக முடியாது. ஒன்பது நாள் இந்த அழுத்தத்தில் இருந்த உடம்பு. நேராக ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டிச் சாவேன். கப்பல் மீட்புக் கூண்டை இறக்கிக் கூரை மூடியின் மேல் பொருத்த வேண்டும். நான் மூடியைத் திறந்து அதே அழுத்தத்தில் உள்ளே ஏற வேண்டும். வேறு வழி இல்லை.

நாள் 9, காலை 09:45

கூண்டு கூரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. கப்பலிலிருந்து "பொருந்திவிட்டது" என்றார்கள்.

மூடியைக் கையால் சுற்றும் சக்கரம் கீழ் அறையில், தண்ணீருக்குள். மீதி இருப்பது கணினியின் கட்டுப்பாட்டுப் பக்கம் மட்டும். அலமாரியிலிருந்த பழைய சின்னத் திரையை மாட்டினேன். படம் வந்தது. பக்கம் பாதிதான் தெரிகிறது. வலப்புறமும் கீழ்ப்புறமும் வெட்டுப்பட்டு நிற்கிறது. திறக்கும் பொத்தான் வெட்டுப்பட்ட பகுதியில் இருக்கிறது.

நாள் 9, காலை 10:05

கம்பித் தொலைபேசி வேலை செய்கிறது. கப்பலில் கணினி பார்க்கும் தொபியாஸ் அண்ணன் பேசினார். முன்பு தூத்துக்குடியில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவர். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டரம்மா, பதறாதீங்க. பக்கத்தை நகத்திப் பாத்தீங்களா?"

"நகராது அண்ணே."

"கண்ட்ரோல் கீயை அமுக்கிட்டு மைனஸ் தட்டுங்க. எழுத்து சின்னதாகுதா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

"சரி. பொத்தான் கண்ணுக்குத் தெரியாட்டாலும் டாப் கீயைத் தட்டித் தட்டிப் போயிரலாமே."

"போகலாம், அமுங்காது. முழுப் பக்கமும் திரையில அடங்குனாத்தான் பொத்தான் வேலை செய்யும். விதி அப்படி."

"எந்தப் புண்ணியவான் போட்ட விதி?"

பாதியை மட்டும் பார்த்துவிட்டு யாரும் கடலடியில் கதவு திறக்கக் கூடாது என்று நிலைய வடிவமைப்புக் குழுவில் வாதாடி அந்த விதியை வாங்கியது நான்தான். இந்தப் பதிவை எடுப்பவர் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

நாள் 9, காலை 11:20

திரை அமைப்புப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பெட்டியே திரையில் அடங்கவில்லை. "சரி" என்ற பொத்தான் கீழே ஒளிந்துகொண்டது. ஆல்ட், ஸ்பேஸ், பிறகு எம். அதன்பின் அம்புக்குறியால் பெட்டியை மேலே தூக்கலாம் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். தூக்கினேன்.

பட்டியலில் ஒரே ஒரு அளவுதான்: 800, 600. பக்கத்துக்கு வேண்டியது 1920, 1080.

கை அளவியில் கரியமில வாயு மஞ்சளுக்கு வந்துவிட்டது.

நாள் 9, மதியம் 12:00

"இந்தத் திரையால் காட்ட முடியாத அளவுகளை மறை" என்று ஒரு கட்டம். அதிலிருந்த டிக்கை எடுத்தேன். பெரிய அளவுகள் பட்டியலில் வந்தன. 1920-ஐத் தேர்ந்து "சரி" கொடுத்தேன். திரை இருண்டது. பதினைந்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு தானாகப் பழைய அளவுக்கு வந்தது.

"அது அப்படித்தான் டாக்டரம்மா. பெரிய அளவு வச்சிருக்கணுமான்னு பெட்டி கேக்கும், பதில் இல்லேன்னா திரும்பிரும். ஆனா ஒண்ணு, அந்தப் பதினஞ்சு செகண்டும் கம்ப்யூட்டர் முழுப் பக்கத்தையும் காட்டிக்கிட்டுத்தான் இருக்கு. திரைக்குத்தான் திராணி இல்ல."

அப்படியென்றால் இருட்டிலேயே "வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, பார்க்காமலே பொத்தானை அமுக்கலாம். கப்பலில் அதே பக்கத்தின் மாதிரி இருக்கிறது. மேலிருந்து பதினொன்றாவது டாப். அடுத்தது எண்டர்.

ஒருமுறை வைத்துக்கொண்டால் திரை அவ்வளவுதான். பிறகு எதையும் பார்க்க முடியாது.

நாள் 9, மதியம் 12:25

"கேப்டன் இப்பவே அமுக்கச் சொல்லுதாரு. காத்து ரொம்ப ஏறிட்டு, கப்பல ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிறுத்த முடியாதாம்."

"முழுப் பக்கத்தையும் ஒரு தடவை பாக்காம அமுக்க மாட்டேன் அண்ணே."

"எப்படிம்மா பாப்பீங்க? திரைதான் இருட்டாயிருதே."

யோசித்தேன். தலை வலிக்கிறது. யோசிக்கவே நேரம் ஆகிறது. வீட்டுக்காரர் லியோனை இணைப்பில் கொண்டுவரவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர் குரலைக் கேட்டால் எண்ணிக்கை தப்பும்.

நாள் 9, மதியம் 12:50

வழி கிடைத்தது. திரை இருண்டிருக்கும் அந்தப் பதினைந்து விநாடிக்குள் பிரிண்ட் ஸ்கிரீன் விசையைத் தட்டினேன். கணினி தான் காட்டிக்கொண்டிருந்ததை முழுசாகப் படம் எடுத்துக்கொண்டது. அளவு திரும்பியதும் அந்தப் படத்தைப் பெயின்ட் செயலியில் ஒட்டிச் சுருக்கினேன். முழுப் பக்கமும் சின்னத் திரையில் வந்தது. எழுத்து எறும்பு மாதிரி. மூக்கு திரையில் ஒட்டுமளவுக்குக் குனிந்து படித்தேன்.

பதினொன்றாவதுதான் திறக்கும் பொத்தான். அண்ணன் எண்ணியது சரி.

அதற்கு மேலே, இத்தனை நேரமும் என் கண்ணில் படாத வலது ஓரத்தில், சிவப்பில் ஒரு வரி: கூரை வளையம், பொருத்தம் முழுமையில்லை.

நாள் 9, மதியம் 12:58

"எங்களுக்குப் பச்சை காட்டுதே டாக்டரம்மா."

"உங்களுக்குத் தெரியுறது கூண்டோட கொக்கி மாட்டினது மட்டும். கசிவை அடைக்கிற வளையத்தோட உணர்கருவி இங்க நிலையத்துல இருக்கு. எனக்குச் சிவப்பு."

அண்ணன் கேப்டனிடம் அதைச் சொல்வது கேட்டது. திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அமுக்கியிருந்தா..."

"காத்தெல்லாம் இடுக்கு வழியா மேல போயிருக்கும். கடல் உள்ள வந்திருக்கும்."

கூண்டைத் தூக்கி மறுபடி வைக்கப் போகிறார்கள். ஒரு மணி நேரம் ஆகுமாம்.

நாள் 9, பிற்பகல் 01:40

அளவி சிவப்பு. தரையில் படுத்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது. கூரையில் உராய்கிற சத்தம், நிற்கிறது, மறுபடி உராய்கிறது. நான்கு சுவர். கையை நீட்டினால் இரண்டு தொடுகிறது. ஒன்பது நாளாக இது சின்ன அறை என்று தோன்றவேயில்லை.

லியோனிடம் பேசியிருக்கலாம்.

நாள் 9, பிற்பகல் 02:15

கூண்டு உட்கார்ந்தது. மறுபடி இருட்டு, மறுபடி படம். பெயின்டில் ஒட்ட மூன்று முறை தவறினேன். விரல் சொன்னபடி கேட்கவில்லை.

வரி பச்சை. பொருத்தம் முழுமை. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறையும்.

நாள் 9, பிற்பகல் 02:22

"அண்ணே, நீங்க எண்ணுங்க. நான் தட்டுறேன்."

"சரிம்மா. முதல்ல பெரிய அளவு கொடுங்க. இருட்டாகும். இடது அம்பு, எண்டர், அதான் 'வைத்துக்கொள்'. அப்புறம் அந்தப் பெட்டிய மூடுங்க. பக்கத்தப் புதுப்பிங்க. அதுக்கப்புறம் நான் எண்ண ஆரம்பிக்கேன். உங்க வீட்டுக்காரரு இங்க தொறைமுகத்து லைன்ல"

இங்கே அறுந்தது. கம்பி. அலை இழுத்திருக்கும். கத்திப் பார்த்தேன். இல்லை.

நாள் 9, 02:27

நானே. அளவு கொடுத்தேன். இருட்டு. இடது அம்பு. எண்டர். பதினைந்து எண்ணினேன். இருபது. முப்பது. திரை திரும்பவில்லை. வைத்துக்கொண்டது. இனி திரை இல்லை. கை விளக்கில் எழுதுகிறேன்.

பெட்டியை மூடினேன். மூடியிருக்க வேண்டும்.

02:31

டாப் தட்டினேன். ஏழு. எட்டா. ஏழா. தெரியவில்லை. பத்தாவது பொத்தான் என்ன என்று முன்பே படத்தில் பார்த்திருந்தேன்: அழுத்தம் வெளியேற்று. அதை அமுக்கினால் உடம்பு தாங்காது. எட்டா ஏழா.

நிறுத்து. எஃப்5. பக்கத்தைப் புதுப்பித்தேன். முதலிலிருந்து. ஒவ்வொரு தட்டுக்கும் இங்கே ஒரு கோடு. தட்டிய பிறகுதான் கோடு. கோடு போட்ட பிறகுதான் அடுத்தது.

02:34

| | | | |

ஐந்து. கண் மங்குகிறது. கோடு தெரிகிறது.

| | | |

ஒன்பது. எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

|

பத்து. இதில் நிற்கக் கூடாது.

|

பதினொன்று. விரலால் தொட்டு முதலிலிருந்து எண்ணினேன். பதினொன்று. மறுபடி. பதினொன்று.

லியோன், நான்

எண்டர்.

02:3

ஒன்றுமில்லை

சத்தம். மேலே. பூட்டு ஊசிகள் ஒவ்வொன்றாக இழுபடுகின்றன. நான்கு. ஐந்து. ஆறு.

மூடி மேலெழுகிறது. அதற்கு நேர் கீழே முகத்தை நிமிர்த்தி நிற்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. உலர்ந்த காற்று இறங்குகிறது. ரப்பர் வாடை.

ஏறுகிறேன்.