சராசரிப் பெண்ணுக்கு ஒரு சமையல் மேடை

ஜூன் 3

அன்பு மனைவிக்கு,

நான் நலம் என்றுதான் நினைக்கிறேன். உன் தங்கை வீட்டில் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

நீ கோபித்துக்கொண்டு போகக் காரணமான அலமாரி இனி இல்லை. அது உன் தலைமேல் விழாமல் பக்கத்தில் விழுந்ததும் நான் "நல்லவேளை" என்று சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை போலும். சமையலறை முழுவதையும் இடித்தாகிவிட்டது. புதிய கேபினெட், கிரானைட் மேடை எல்லாம் வருகின்றன. கடைக்காரன் ஒரு மேதாவி. இழுப்பறை சத்தமில்லாமல் மூடுவதை, தானே கண்டுபிடித்தது போல மூடி மூடிக் காட்டினான். அந்த அறிவுக்குக் கழுத்தில் டை வேறு.

ஒரு விவரம் தேவை. மேடை, நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டுமாம். உன் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அளந்து எழுதினால் வேலை நகரும். எழுதுவாயா என்பது சந்தேகம்தான்.

அன்புடன்,
உன் கணவன்

ஜூன் 9

பேராசிரியருக்கு,

அலமாரி ஆடுகிறது என்று நான் சொன்னபோது நீங்கள் எஸ்டிமேட் வாங்க ஆரம்பித்தீர்கள். வாங்கிக்கொண்டே இருந்தீர்கள். ஓய்வும் பெற்றீர்கள். அது விழுந்த பிறகுதான் உங்கள் ஆராய்ச்சி முடிந்தது.

கடிதத்தைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷம் கூடவே இருந்த மனுஷனுக்கு உன் கை எங்க இருக்குன்னு தெரியலையாக்கா? கால் இருக்கிறதாவது தெரியுமா?" என்று சிரிக்கிறாள். "அது தெரியும்டி, வாசல்வரைக்கும் நடந்து வந்ததப் பாத்தாரே" என்றேன்.

அளவு எழுத மாட்டேன். நான் திரும்பி வருவதாக யார் சொன்னது? வேண்டுமானால் உங்கள் புள்ளியியலைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
அலமாரிக்குத் தப்பியவள்

ஜூன் 24

அன்பு மனைவிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். உன் வயதுப் பெண்களின் உயரம் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றை நூலகத்தில் பிடித்து, சராசரி கண்டு, அதிலிருந்து முழங்கையைக் கணக்கிட்டேன். தச்சர் தலையைச் சொறிந்தார்.

"சார், அம்மாவ ஒரு நிமிஷம் இங்க வந்து நிக்கச் சொல்லுங்க. அது போதும்."

நீ இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சராசரி போதும்" என்றேன்.

"உங்க வீட்டம்மா, உங்க சராசரி" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ முடுக்கப் போய்விட்டார்.

கல் பதித்தாயிற்று. கடைக்காரனின் பேச்சைப் போலவே வழவழவென்று இருக்கிறது. பழைய மேடையடியில் ஒரு பலகை கிடந்தது. எதற்கென்று விளங்கவில்லை, இடிபாடுகளோடு வண்டியில் ஏற்றிவிட்டேன். இனி நீ வரலாம். வருவாயா?

அன்புடன்,
உன் கணவன்

ஜூலை 1

பேராசிரியருக்கு,

அந்தப் பலகைமேல் ஏறி நின்றுதான் உங்கள் வீட்டில் நான் சமைத்தேன். மேடை உங்கள் அம்மாவின் உயரத்துக்குக் கட்டியது. அவர் நெட்டை, அவர் வாயில் நான் குள்ளி. கல்யாணமான வாரத்திலிருந்து அலமாரி விழுந்த நாள்வரைக்கும் பலகைதான். வாசற்படியில் நின்று "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்ட நீங்கள், ஒருநாளும் என் காலடியைப் பார்க்கவில்லை.

இப்போது சராசரிப் பெண்ணுக்கு ஒரு மேடை கட்டியிருக்கிறீர்கள். அவள் எங்கேயாவது இருந்தால் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்துங்கள். கல்லுக்குப் பொருத்தமாக இருப்பாள்.

பதில் வேண்டாம்.

குள்ளி

ஜூலை 20

அன்பு மனைவிக்கு,

பதில் வேண்டாம் என்றாய். எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

தச்சரை வரவழைத்தேன். கல்லைப் பெயர்த்து, அடியிலிருக்கும் பெட்டிகளை உயர்த்தச் சொன்னேன். "இப்ப யாரோட அளவு சார்?" என்றார். சுவரோரம் நின்று என் கையை மடக்கிக் காட்டினேன். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

மேடை இப்போது என் முழங்கைக்குச் சரியாக இருக்கிறது. நானே சமைக்கிறேன். சோறு ஒருநாள் குழைகிறது, ஒருநாள் விறைக்கிறது. படித்தவன் வடித்தது என்று தட்டைப் பார்த்தாலே தெரியும்.

வா என்று எழுதத் தைரியமில்லை. வந்தால் கூடத்தில் உட்காரலாம். நான் கொண்டுவந்து வைப்பேன்.

உன் கணவன்

ஜூலை 26

பேராசிரியருக்கு,

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தங்குவதற்கல்ல, சாப்பிடுவதற்கு. தங்கையும் வருகிறாள், வேடிக்கை பார்க்க.

எனக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டு எழுதுங்கள். பதில் போடுகிறேன்.