டப்பாவை இறுக்கி மூடாதீர்கள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். கிளம்பும்போது சாவியைச் செருப்பு அலமாரியில் வையுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். இடது கையால் எழுதுகிறேன்.

நேற்று, “ஒரு டப்பாவக்கூட ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?” என்று கத்தினீர்கள். மூடத் தெரியும். இறுக்கி மூடினால் என்னால் திறக்க முடிவதில்லை. வலது மணிக்கட்டு மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. வாரத்தில் நாம் இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பது ஒரே நாள்தான். நேற்றாவது சொல்லத்தான் நினைத்தேன், அந்த நாளும் சண்டையிலேயே போயிற்று.

வேலை முடிந்து, மணிக்கட்டில் கட்டும் பட்டை வாங்கிக்கொண்டு வருவேன்.

பின்குறிப்பு: கோபத்தில் என் வலி மாத்திரை டப்பாவையும் இறுக்கிவிட்டீர்கள். இரவு வேலைக்குப் போகும்முன் அதைத் திறந்து வையுங்கள். நான் வரும்போது, திறந்து தர வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.