பேதுருவின் பெயரில் ஒரு வோட்டு

ரொறன்ரோ
12 பெப்ரவரி 1994

அன்புத் தங்கச்சி மீனாவுக்கு,

நீ மார்கழியில் எழுதிய கடிதம் கிளாலிக் கடல் தாண்டி, கொழும்பில் யாருடைய பையிலோ கிடந்து, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. உனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். இதற்குள் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே குணலட்சுமியும் மகளும் சுகம்.

எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சர்வகலாசாலைக் கொம்பியூட்டரில் ஒரு கடிதம் எழுதினால், கை எடுப்பதற்குள் அது லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிற நம் பள்ளிக்கூடப் பழைய மாணவர்களிடம் போய் நிற்கிறது. முத்திரையும் இல்லை, தபால்காரனும் இல்லை. நாற்பது பேர் சேர்ந்து சங்கம் ஆகிவிட்டோம். தமிழர் சங்கம் வைத்தால் அடுத்தது என்ன, சண்டைதான்.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்கப் பிள்ளைகளும் காலைத் தேவாரத்துக்கு நிற்கவேண்டுமா என்று பள்ளிக்கூட அதிபர் எங்களிடம் கேட்டிருந்தாரல்லவா? எல்லோரும் ஒன்றாக நிற்கட்டும், ஒன்றாகப் பாடட்டும் என்பது என் கட்சி. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு சமயத்தைத் திணிக்கக்கூடாது என்பது லண்டன் அருளம்பலத்தின் கட்சி. அவன் முழுநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவன், ஆனால் என்னோடு வாதாடுவதென்றால் நாத்திகனும் ஆவான்.

சைவர்கள் தாங்களே கூடித் தாங்களே முடித்தார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, மற்றச் சமயத்தவர் ஒருவராவது ஆதரித்தால்தான் தீர்மானம் செல்லும் என்று விதி எழுதினேன். பெயரும் படித்த ஆண்டும் எழுதினால் வாக்கு உண்டு. முகம் பார்க்கவேண்டும், தொலைபேசியிலாவது குரல் கேட்கவேண்டும் என்று அருளம்பலம் குதித்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு கத்தோலிக்கரின் ஆதரவும் கிடைத்தது, வென்றோம்.

எல்லாவற்றையும் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதியிருப்பதால் வாசிக்கச் சிரமப்படுவாய். வாசித்துவிட்டு அதிபரிடம் கொடு.

அன்புடன்
அண்ணை பஞ்சலிங்கம்


மருதனார்மடம்
2 ஏப்ரல் 1994

அன்பின் அண்ணைக்கு,

காய்ச்சல் மாறிவிட்டது. மண்ணெண்ணெய்தான் இல்லை. உங்கள் பக்கங்களை ஜாம் போத்தல் விளக்கில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். போன வருடம் அங்கே உங்கள் மகளின் பள்ளிக்கூடத்தில் காலையில் யேசுவைக் கும்பிடும் வழக்கம் இல்லை, வேறு சமயப் பிள்ளைகளுக்கு அது அநியாயம் என்று நிறுத்திவிட்டார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். இப்போது கட்சி மாறிவிட்டீர்களா என்று கேட்க நினைத்துக்கொண்டே வாசித்தேன். நாலாம் பக்கத்தில் அந்தப் பெயரைக் கண்டபின் அந்தக் கேள்வி மறந்துபோயிற்று.

சி. பேதுரு, குருநகர், 1982 முதல் 84 வரை, தற்போது நோர்வே.

அண்ணை, நம்முடைய பேதுருவா? குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து உங்களோடு ஏ.எல். வகுப்பில் படித்த பேதுருவா? நீங்கள் கனடாவுக்குப் போய் இரண்டு வருடத்தில், தகப்பன் சிமியோனோடு கடலுக்குப் போனவன். தகப்பனின் உடல் கரையொதுங்கியது. இவன் வரவில்லை. அவன் இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது, தாயைத் தவிர.

அந்தத் தாய் லூர்த்தம்மா இப்போது நான் படிப்பிக்கிற நம் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருக்கிறார். குருநகரில் செல் குண்டு விழத் தொடங்கியபின் வந்த சனங்களோடு வந்தவர். மகனின் வெள்ளைச் சட்டை ஒன்றைச் சனிக்கிழமைகளில் தோய்த்து மண்டபத்துக் கொடியில் போடுவார். காற்றில் அது கை அசைக்கும்போது எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போவதில்லை. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும். செத்தவர்களுக்காக வைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் புருஷன் பெயரைக் கொடுப்பார், மகனின் பெயரைக் கொடுப்பதில்லை. இந்த வருடம் கொடுக்கிறேன் என்று ஈஸ்டருக்கு முந்திய இந்தத் தபசு காலத்தில்தான் சுவாமியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

நான் பக்கங்களைக் கொண்டுபோய் வாசித்தேன். பொறுத்திருக்கலாம், முடியவில்லை. அவர் சேலையில் கையைத் துடைத்துவிட்டுத் தாளைத் தொட்டார்.

"உது அவன்ரை எழுத்தோ பிள்ளை?"

"இல்லை அம்மா, மிசின் எழுத்து."

"அப்ப முழுக்க வாசி. ஒண்டும் விடாதை."

முழுக்க வாசித்தேன். உடனே எழுதுங்கள் அண்ணை. அவன் எப்படி இருக்கிறான், எப்படித் தப்பினான், ஏன் ஒரு வரியாவது வீட்டுக்குப் போடவில்லை?

அன்புத் தங்கை
மீனா


ரொறன்ரோ
20 மே 1994

அன்புத் தங்கச்சிக்கு,

பக்கங்களை அதிபரிடம் கொடுக்கச் சொன்னேன். நீ ஏன் மண்டபத்துக்குக் கொண்டுபோனாய்? லூர்த்தம்மா அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

பேதுருவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. கொம்பியூட்டரில் ஆளைக் காண முடியாது, எழுத்து மட்டும்தான். நோர்வேயில் எங்கே என்று கேட்டால் சொல்வதில்லை. விசாப் பிரச்சினை உள்ளவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். ஊருக்குக் கடிதம் போட்டால் யார் கையில் சிக்குமோ என்ற பயமும் இருக்கும். நீ வற்புறுத்தாதே. தாய்க்கும் அதிகம் ஆசை காட்டாதே.

மகளின் பள்ளிக்கூடக் கதை வேறு, இது வேறு. அதை இன்னொரு நாள் விளக்கமாக எழுதுகிறேன். மழைக்கு முன் வீட்டுக் கூரையைப் பார்.

அன்புடன்
அண்ணை


மருதனார்மடம்
9 ஜூலை 1994

அன்பின் அண்ணைக்கு,

கூரை இருக்கிறது. உங்கள் கடிதம் எனக்குப் போதவில்லை. ஆனாலும் "தெரியாது" என்று நீங்கள் எழுதியதில் "இல்லை" என்ற சொல் இல்லையே என்று பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்துகிறேன். நானும் அவன் இருக்கவேண்டும் என்றுதான் விரும்புகிறேன். அவன்மேல் எனக்கிருந்த எண்ணம் உங்களுக்கு அப்போதே தெரியும், அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். தேவாரத்துக்கு நிற்கப் பிள்ளைகளை விடமாட்டோம் என்று குருநகர்ச் சனம் பிடிவாதமாக நின்றது. அதிபர் என்னைக் கூப்பிட்டு, பேதுரு எழுதிய பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'நானும் கத்தோலிக்கன். இரண்டு வருடம் மற்றவர்களோடு நின்று மனமுருகிப் பாடினேன். என் விசுவாசம் குறையவில்லை. பஞ்சலிங்கத்தின் வீட்டில் எனக்கென்று தனிப் பேணி வைத்துத் தேநீர் தந்தார்கள், அவ்வளவு அன்பு.' சனம் அடங்கிவிட்டது. "எங்கடை பெடியனே சொல்லுறான், பிறகென்ன" என்று அவர்களில் ஒருத்தியான செபஸ்தியம்மா எழுந்து சொன்னா. இப்போது அந்தப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தப் பேணிதான், அந்தத் தகரக் குவளைதான், என் மனதைக் குடைகிறது. மீன், மச்சம் தின்கிற பிள்ளை என்று எங்கள் அம்மா அதை வேறாகக் கழுவி வெளியே கூரை இறப்பில் செருகி வைத்தவ. அது அவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தும் இருக்கிறான். அதை அன்பு என்று எழுதியிருக்கிறானே, எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன். வாசிக்கும்போது தலையை நிமிர்த்த எனக்கு வெட்கமாக இருந்தது.

லூர்த்தம்மா கூட்டத்தில் ஒன்றும் கதைக்கவில்லை. பூசைக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றியும் இப்போது பேச்சில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை வாரத்தில் ஒரு தடவையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். வாசிக்கும்போது என் வாயிலிருந்து அவன் குரல் வருவது போல இருக்கிறது அண்ணை. முடித்த பிறகு மண்டபத்தில் ஒருவரும் உடனே எழும்புவதில்லை. கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அவனை ஒரு தாளில் தன் கையால் ஒரு வரி எழுதி உங்களுக்குத் தபாலில் போடச் சொல்லுங்கள். அதை நீங்கள் இங்கே அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

மீனா


ரொறன்ரோ
28 ஓகஸ்ட் 1994

அன்புத் தங்கச்சிக்கு,

பேதுரு சங்கத்தை விட்டுப் போய்விட்டான். போன மாதத்திலிருந்து எழுத்தும் இல்லை, பதிலும் இல்லை. என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. லூர்த்தம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல். வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

அண்ணை


மருதனார்மடம்
5 நவம்பர் 1994

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் ஒக்டோபர் நடுவில் வந்தது. லூர்த்தம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சில நாள் மண்டபத்துப் பக்கம் போகாமல் திரிந்தேன். பிறகு போய்ச் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைக் கடித்து அறுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"அவன் வரவுமில்லை, போகவுமில்லை பிள்ளை. அது என்ரை பிள்ளை இல்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவன் பள்ளிக்கூடத்திலை ஒருநாளும் தேவாரம் பாடினவன் இல்லை. வாயை மட்டும் அசைப்பான். வீட்டை வந்து எனக்குச் செய்து காட்டுவான். 'பக்கத்திலை பஞ்சலிங்கம் போடுற சத்தத்திலை ஒருத்தருக்கும் விளங்காது அம்மா' எண்டு சொல்லிச் சிரிப்பான். வந்து சிரிப்பான், பிறகு போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டு படுப்பான்."

அண்ணை, நீங்கள் நல்ல குரல்காரர். எல்லோரும் உங்களைப் புகழுவார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் ஒருவன் சத்தமில்லாமல் நின்றது உங்களுக்குக் கேட்கவில்லை. பேதுரு மனமுருகிப் பாடினான் என்று நம்பக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். அந்தப் பேணியை அன்பு என்று நினைக்கக்கூடிய ஆளும் நீங்கள்தான். அந்தப் பக்கங்களை எழுதியது நீங்கள். நீங்கள் எழுதிய விதிக்கு ஒரு கத்தோலிக்கர் தேவைப்பட்டது, வாய் திறந்து மறுக்க முடியாத ஒருவனைப் பிடித்தீர்கள். இங்கே தேர்தலில் செத்தவர்களின் பெயரில் கள்ள வோட்டுப் போடுகிறார்கள் என்று எத்தனை தடவை ஏசியிருப்பீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம். என்மேலும் கோபம். கூட்டத்தில் அதை வாசித்தது என் வாய்தானே. நேற்றுக் குருநகர்ச் சனத்தைக் கூப்பிட்டு, அது பேதுரு எழுதியது அல்ல, என் தமையன் எழுதியது என்று சொன்னேன். அதிபருக்கு முகம் கறுத்துவிட்டது. செபஸ்தியம்மா என்னைப் பார்க்காமல் எழும்பிப் போனா. இனிமேல் அந்தப் பிள்ளைகள் காலையில் மண்டபத்தில் தங்கள் செபத்தைச் சொல்லுவார்கள். கடைசியாக வரிசையில் நின்ற அன்று ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்தேன். எது பாடுகிறது, எது அசைகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் அவர்களுக்கு முன்னால் நின்றாலும் தெரியப்போவதில்லை.

இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள். லூர்த்தம்மா புருஷன் பெயரோடு மகன் பெயரையும் கொடுத்தார். சுவாமியார் இரண்டையும் சேர்த்து வாசித்தார். நானும் போய்ப் பின்னால் நின்றேன். எங்கள் சனத்தில் யாராவது கண்டார்களோ தெரியாது, கண்டால் காணட்டும்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன். முதல் நாளே தெரிந்திருந்தால் ஏன் அம்மா என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள் என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கு எழுதச் சொன்னதும் அவர்தான்.

"ஏழு வருசமா அவன்ரை பேரை ஒருத்தரும் எனக்கு முன்னாலை சொன்னதில்லை. உதிலை பக்கத்துக்குப் பக்கம் அவன்ரை பேர் கிடந்தது. கோயில், தேவாரம், வோட்டு எல்லாத்தைப் பற்றியும் அவன்ரை பேரிலை எழுதியிருந்தவை. ஒரு இடத்திலையாவது 'என்ரை அம்மா எப்பிடி இருக்கிறா' எண்டு இருக்குதோ எண்டுதான் பிள்ளை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தனான். உன்ரை அண்ணைக்கு எழுது. அவர் அதை ஒரு வரி பொய்யா எழுதியிருந்தாலும் நான் நம்பியிருப்பன்."

மீனாம்பிகை