சுவரில் ஒட்டிய கடல்

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, உன் மனைவி உன் பழைய மடிக்கணினியை என் கையில் தந்தார். "அண்ணன், இதுக்குள்ள பிள்ளைகள்ர படம் ஏதும் கிடந்தா எடுத்துத் தாங்க" என்றார். பிள்ளைகளின் படங்கள் கிடைத்தன, எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவற்றுக்குப் பக்கத்திலேயே, கல்குடாவுக்கு நாம் வரைந்த பாலர் பாடசாலையின் முப்பரிமாண மாதிரியும் கிடந்தது. திறந்தேன். படக் கோப்பைக் காணவில்லை என்றது கணினி. அடுத்த கோப்பையும் காணவில்லை. அதற்கடுத்ததையும் காணவில்லை. இறந்தவன்மீது கோபப்படலாகாது என்பார்கள். இன்று காலை நான் கோபப்பட்டேன்.

உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்த மென்பொருள் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. கோப்பை நகர்த்தினால், பெயரை மாற்றினால், மாதிரியில் வெறும் சட்டமும் அதற்குள் கோப்பின் பெயருமே மிஞ்சும். ஆகவே ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை. எல்லாப் படங்களும் அதற்குள். இதில் விளங்காதது என்ன இருந்தது? நீயோ ஒன்றைக் கணினியின் முகப்பிலும் இன்னொன்றைக் கமராவின் அட்டையிலும் விட்டுவைப்பாய். பெயர்களாவது உருப்படியாக இருந்தனவா? 'சும்மா', 'கடைசி', 'கடைசிக்குப் பிறகு'.

ஆழிப்பேரலையாய்க் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த ஆண்டு அது. சமாதானம் பெயரளவில் இருந்தது. வாழைச்சேனைப் பாதையில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்துக்கொண்டிருந்தன. வாவிக்கரையோரத்து அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் நான் சுவர்களை வரைவேன், நீ அவற்றுக்குப் படங்கள் ஏற்றுவாய். பாலர் பாடசாலையின் முதல் மாதிரியைச் சாம்பல் நிறத்தில், படம் எதுவும் இன்றிக் கொண்டுபோய்க் காட்டியபோது, தாய்மார் சிரித்தார்கள். "இதென்ன தம்பி, பிள்ளைகள் இருக்கிற இடமா, நெல்லு ஸ்டோரா?" என்று கேட்டவர் நேசம்மாக்கா. இளைய பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர். அங்கே சேரவேண்டியிருந்தவன் அவருக்கு மிஞ்சிய மகன். கடற்பக்கச் சுவரில் யன்னல் வேண்டும் என்று அவர் கேட்டார். நீ என்னை ஒரு வார்த்தை கேளாமல், "ஓம் அக்கா, வைப்பம்" என்றாய்.

கடற்பக்கச் சுவர் மூடியே இருக்கவேண்டும் என்பது கட்டித்தரும் நிறுவனத்தின் நிபந்தனை. கடலைக் கண்டால் பிள்ளைகள் அஞ்சுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும், எழுது என்றேன். நீ எழுதவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு போனாய். தப்பி நின்ற ஏதோ ஒரு வீட்டின் யன்னலையும் அதற்கப்பால் தெரிந்த கடலையும் பிடித்துவந்து, நான் வரைந்த மூடிய சுவரின்மேல் ஒட்டினாய்.

"பாரு மச்சான், யன்னல் வந்திற்று."

"யன்னல் வரேல்ல. படம் வந்திருக்கு."

"அவங்களுக்கு இப்ப படம் போதும். கட்டக்குள்ள பாப்பம்."

கட்டும்போது மேசன் உன் படத்தைப் பார்த்துக் கல் வைக்கமாட்டான், என் வரைபடத்தைப் பார்த்தே வைப்பான் என்று விளக்கினேன். நீ தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டாய்.

தாய்மாரின் சம்மதம் பெறவேண்டிய நாள் வந்தது. கொழும்பிலிருந்து நிறுவனத்தின் அலுவலர் வருவார். அன்று சம்மதம் கிடைக்காவிட்டால் பாடசாலை வேறு ஊருக்குப் போய்விடும். அன்றைக்கென்று நீ முதன்முறையாக என் சொல்லைக் கேட்டிருந்தாய்: எல்லாப் படங்களும் ஒரே கோப்புறையில். அலுவலகத்தில் ஒரு பிரதி வைக்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. கடற்கரைப் படமொன்றில் இராணுவத்தின் சென்றிக் காவலரண் ஒன்று விழுந்திருந்தது. அதை மென்பொருளுக்குள் கத்தரித்துவிட்டேன், இனிப் பயமில்லை என்றாய். அந்தக் கத்தரிப்பு மறைக்குமே தவிர நீக்காது. மூலப் படத்தில் சென்றி முழுதாக நின்றது. சாவடியில் கணினியைத் திறந்த சிப்பாய் அதைத்தான் முதலில் கண்டான். உன் அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சி நம்மை நீ மீட்டாய், மறுக்கவில்லை. ஆனால் அவன் கோப்புறையை ஒரே அழுத்தில் அழித்துவிட்டான். படங்கள் வழக்கம்போலச் சிதறிக் கிடந்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். வழிநெடுக இதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்ததை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை.

கல்குடாவில், தறப்பாள் கூரையிட்ட கொட்டகைக்குள், பலகை ஒன்றின்மேல் கணினியை வைத்துத் திறந்தோம். சாம்பல் சுவர், அதன்மேல் வெறுஞ்சட்டம், சட்டத்துக்குள் 'கடைசிக்குப் பிறகு' என்ற எழுத்து.

"தம்பி, யன்னல் எங்க?" என்றார் நேசம்மாக்கா.

"படம் போயிற்று அக்கா."

"படம் போனா யன்னலும் போகுமா?"

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அலுவலர் என்னைப் பார்த்தார். வரைபடத்தில் அங்கே யன்னல் இல்லை, இருந்ததும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல நீ என்னைப் பார்த்தாய்.

"அப்ப நாங்க சம்மதிக்கேலாது" என்றார் நேசம்மாக்கா.

பிள்ளைகள் பயப்படுவார்களே என்றார் அலுவலர், தயக்கத்துடன். "பயப்படட்டும் சேர். பயந்தாத்தான் ஓடுவாங்கள்" என்ற நேசம்மாக்கா, சேலையை ஒதுக்கிக்கொண்டு மணலில் அமர்ந்தார். "ரீச்சர் பிள்ளைகளோட பாயிலதான் இருப்பா. இருந்த இருப்பிலயே கடல் தெரியோணும். தெரிஞ்சாத்தான் தூக்கிற்று ஓடலாம்."

அளவுநாடாவை எடுத்து, மணலிலிருந்து அவருடைய கண்மட்டம் வரை அளந்தேன். அளக்கும்வரை அவர் அசையாமல், கடல் இருந்த பக்கம் பார்த்தபடி இருந்தார். யன்னலின் அடிவிளிம்பு அந்த மட்டத்துக்கும் கீழே வரவேண்டும். மேலே சுவரைத் தாங்கக் கொங்கிறீற்று வளை வேண்டும். பிள்ளைகள் ஏறி விழாதிருக்கக் கம்பி வேண்டும். ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினேன்.

"மச்சான், பற்றரி சாகப்போகுது. வளையப் பிறகு கீறு. முதல்ல ஓட்டையப் போடு."

"வளை இல்லாட்டி சுவர் இடியும்."

"இது கணினிச் சுவர்டா. இடியாது."

ஓட்டையைப் போட்டேன். சுவர் திறந்து வெறும் வெளி தெரிந்தது. அலுவலர் குனிந்து பார்த்து, கொழும்பில் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். நேசம்மாக்கா திரைக்குக் கிட்டே வந்து, அந்த வெளியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், இது யன்னல்" என்றார். மற்றப் பெண்கள் அவருக்குப் பிறகு சம்மதித்தார்கள். சேமிக்கச் சொல்லிக் கணினியை உன்னிடம் தள்ளினேன். திரை அணைந்தது. சேமித்தாயா என்று கேட்டேன். "ஓம்" என்றாய். பொய். அலுவலகம் வந்து, நாடாவில் கண்ட அளவை வைத்து முழுவதையும் என் கணினியில் திரும்ப வரைந்தேன். உன் கணினியில் அந்தச் சுவர் இன்றும் மூடியே கிடக்கிறது.

பாடசாலையைக் கட்டினார்கள். சண்டை திரும்பவும் வந்தது. சனங்கள் ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். கட்டடம் நின்றது. போன மாதம் உன் செத்தவீட்டுக்கு மறுநாள், ஒரு காரணமும் இல்லாமல் அந்தப் பக்கம் போனேன். பிள்ளைகள் பாயில் இருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் இளம் பெண். கடல் வந்தபோது அவளே கைக்குழந்தையாக இருந்திருப்பாள். பாட்டுக்கு நடுவே ஒருதரம் தலையைத் திருப்பி யன்னலால் பார்த்தாள். திரும்பவும் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏன் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

இப்போது என் மேசைக்கு வரும் மாதிரிகளில் வானம், மேகம், மரம், சிரிக்கும் மனிதர்கள் என்று படங்கள் நிறைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்கிறேன். இளைஞர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுவரில் திறப்பு திறப்பாகவே இருக்கிறது என்று கண்ட பிறகுதான் கையொப்பமிடுகிறேன். இதை நீ எனக்குக் கற்பித்ததாக நினைத்துக்கொள்ளாதே; படமே போதும் என்று கடைசிவரை வாதாடியவன் நீ.

ஆனால் கொடுக்க உரிமையில்லாத வாக்கை அன்று நீ கொடுத்திராவிட்டால், அந்தப் பெண்கள் யன்னலை எதிர்பார்த்து வந்திருக்கமாட்டார்கள். நான் வரைந்த சுவர் எல்லா நிபந்தனைகளுக்கும் அமைவாக, ஒரு பிழையும் இன்றி, மூடியபடி எழும்பியிருக்கும். இதை எந்த விதியின்கீழ் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சண்டை பிடிக்கலாம் என்றால், நீயும் இல்லை.